வெந்துபோன பச்சை ஒயர்

இரும்பைத் தொட்டவன் சுருண்டு விழுந்தால் ‘அவன் விதி’ என்கிறீர்களே, அந்த இரும்புக்குள் கரன்ட்டை விட்டவனுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன?

உடனே பதில் சொல்ல வேண்டாம். கிளிப்பு என்று ஒரு வெல்டர் இருக்கிறார். அவருக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கிளிப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வெல்டிங் மெஷினிலிருந்து இரண்டு கேபிள்கள் வெளியே வரும். ஒன்றின் முனையில், உருக்கிப் பற்ற வைக்கும் கம்பியான ராடைப் பிடிக்கும் ஹோல்டர். மற்றதன் முனையில் பல்லால் கவ்வுகிற எர்த் கிளிப். ராடு வழியாகப் போகும் கரன்ட், வேலை நடக்கும் இரும்பில் பாய்ந்து, இந்தக் கிளிப் வழியாகத்தான் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே கிளிப்பை எங்கே மாட்டுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. நம்மவர் அதை வேலைத் துண்டிலேயே, ராடு தொடும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மாட்டுவார். அடுத்த துண்டுக்குப் போனால் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அங்கே மாட்டுவார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இந்தக் கூத்து நடக்கும். ஷெட்டில் வேறு யாரும் இந்தப் பாடு படவில்லை. அப்படி வந்த பட்டப்பெயர் அது.

“கட்டின பொண்டாட்டிகூட இப்படிக் கூடவே சுத்த மாட்டாண்ணே,” என்பான் பக்கத்து மெஷினில் நிற்கும் நெட்டையன்.

“உன் பொண்டாட்டி உன்கூடச் சுத்தாததுக்குக் காரணம் வேறடா,” என்பார் கிளிப்பு, தலைக்கவசத்தை இறக்கிக்கொண்டே.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது? மெஷின் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து. ஒவ்வொரு மெஷினோடும் நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு வந்தது. மற்றவை கை துடைக்கவும் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கவும் போய்ச் சேர்ந்தன. கிளிப்பு தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுபோனார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், மகளின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தார். கையுறை நனைந்தால் மாற்று, துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்ற வைக்கும்போது புகையில் தலையை நீட்டாதே, ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்காதே என்று வரிசையாக வந்த விதிகளில் ஒன்றைக்கூட ஏன் என்று கேட்காமல் அவர் விடவில்லை. ஏன் என்று தெரிந்த விதியை மனிதன் மறப்பதில்லை. பயந்து ஏற்றுக்கொண்ட விதியை, மேஸ்திரி தலை மறைந்ததும் மறந்துவிடுவான்.

அந்த ஷெட்டில் தண்ணீர்த் தொட்டிகளும் தள்ளுவண்டிகளும் செய்தார்கள். நீளமான தகரக் கொட்டகை. இரும்புத் தூண்கள், இரும்பு உத்தரங்கள், இரும்பு மேசைகள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், சரக்கு வாங்க வந்த ஒரு பெரிய மனிதர் கேபிளில் கால் தடுக்கிப் பெயின்ட் டப்பாவுக்குள் கை ஊன்றி விழுந்தார். மறுவாரமே முதலாளி தரை முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்தார். ஓரங்களில் மஞ்சள் கோடு. ‘தரையில் கேபிள் கிடக்கக் கூடாது’ என்று சுற்றறிக்கை ஒன்று வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு எலக்ட்ரீஷியன் வந்து, மெஷின்களின் எர்த் கேபிள்களை ஓர் ஆள் நீளத்துக்கு நறுக்கி, கிளிப்பைத் தூர எறிந்துவிட்டு, பக்கத்துத் தூணில் துளை போட்டுப் போல்ட் வைத்து முடுக்கினார். தூண் உத்தரத்தோடு சேர்ந்திருக்கிறது, மேசைகள் ஓர் இரும்புப் பட்டையால் தூணோடு சேர்ந்திருக்கின்றன. ஆக, கொட்டகை முழுவதுமே எர்த். எங்கே வேண்டுமானாலும் ராடைத் தொட்டுப் பொறி கிளப்பலாம். பார்க்க வந்தவர்களெல்லாம் தரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ‘மிகச் சுத்தமான பணியிடம்’ என்று ஒரு கேடயம்கூட வந்தது. முதலாளி அதைத் தன் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார்.

கிளிப்பு மட்டும் முதலாளியின் அறைக்குப் போய் நின்றார்.

“தண்ணிக்கு வாய்க்கால் வெட்டி விடலைன்னா அது தன் இஷ்டத்துக்குப் போகும் முதலாளி. கரன்ட்டும் அப்படித்தான். தூணுக்கும் மேசைக்கும் நடுவுல துரு இருக்கு, பெயின்ட் இருக்கு. அந்த வழி அடைச்சா அது வேற வழி தேடும். மேசை மேல ஒரு கிரைண்டர் கிடந்தா, அதோட பச்சை ஒயர் இருக்கே, எர்த் ஒயர், அதுக்குள்ள பூந்து, போர்டு எர்த் வழியாத் தூணுக்குத் திரும்பும். நூத்தம்பது ஆம்பியர் போற பாதையா அது? உள்ளுக்குள்ளயே வெந்துரும்.”

“வெந்தா மெஷின் நிக்கும்ல? நின்னா மாத்திக்கலாம்.”

“அங்கதான் வினையே. பச்சை ஒயர் அந்துபோனாலும் மெஷின் ஓடும். காப்பாத்துற ஒயர் போச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

முதலாளி சிரித்தார். “ஓடுற மெஷினைக் கண்டு பயப்படுற முதல் ஆளு நீதான்பா. படிச்சது போதும், போய்த் தொட்டியைப் பாரு.”

கிளிப்பு தன் கைக்காசில் நீளமான கேபிளும் புதுக் கிளிப்பும் வாங்கிக்கொண்டார். அவர் பற்ற வைத்த தொட்டிகள் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை என்பதால் முதலாளி பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். பச்சைத் தரையில் கிடந்த ஒரே கேபிள் அவருடையது.

இனி சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிப்பின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவன். வெல்டிங் வடுக்களைக் கிரைண்டரால் தேய்த்து மழுக்கும் வேலை அவனுக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சும்மா திரிந்தவனைக் கையைப் பிடித்து அந்த ஷெட்டுக்குள் கூட்டி வந்தவர் கிளிப்பு. கிரைண்டர் சத்தத்தோடு போட்டி போட்டுப் பாடுவான். சத்தம் நின்ற பிறகும் அரை வரி பாடிவிட்டுத்தான் நிறுத்துவான். மத்தியானம் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவைத் தங்கையின் புருஷனும், தங்கை கட்டிக் கொடுத்ததை அக்காவின் புருஷனும் திறப்பது வழக்கம்.

“அண்ணே, உங்க வீட்டம்மா உப்புப் போட மறந்துட்டாங்க.”

“உனக்கு எதுக்குடா உப்பு. போட்டா மட்டும் நினைச்சுப் பார்க்கப் போறியா?”

இப்படி அவர் வாய்தவறிச் சொன்ன கேலிகூடப் பின்னால் அவரையே குத்தியது.

விபத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை தொடங்கிய கால்மணி நேரத்தில் நடந்தது. சகலை ஒரு தள்ளுவண்டிச் சட்டத்தின் மேல் முழங்காலை ஊன்றி, கிரைண்டரை இரண்டு கையாலும் பிடித்துச் சுவிட்சைத் தட்டினான். பாட்டுத் தொடங்கியது, முதல் சொல்லிலேயே நின்றது. கிளிப்பு திரும்பிப் பார்த்தபோது அவன் கிரைண்டரை விட முடியாமல் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தான். நெட்டையன் அவனைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தான்.

“தொடாதே. தொட்டா நீயும் போயிருவே,” என்று அவனை நெஞ்சில் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, கிளிப்பு போர்டுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். அப்புறம்தான் ஆளிடம் வந்தார். மூச்சு இல்லை. தரையில் மல்லாத்தி, இரண்டு உள்ளங்கையையும் அடுக்கி நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். எண்ணிக்கொண்டே அமுக்கினார். அவர் தோள்கள் கழன்று விழும் நிலைக்கு வந்தபோது சகலை ஒரு முறை இருமினான்.

உயிர் வந்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்துபோயிருந்தன. மருத்துவமனையில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

மாலையில் முதலாளி பழப் பையோடு வந்து கட்டிலருகே நின்றார். “உன் நேரம் சரியில்லைப்பா. ஆனா மேல இருக்கறவன் கைவிடலை பாரு.” சுற்றி நின்ற உறவுக்கூட்டம் தலையாட்டியது. மேலே இருந்தவன் மெயின் சுவிட்சை இறக்கவில்லை. இறக்கியவர் அந்த அறையின் வாசலில், தோளை நீவிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து யாரும் தலையாட்டவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் மனம் முழுக்க அந்தக் கிரைண்டர்மேல் இருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அந்தக் கிரைண்டரைப் பழைய இரும்புக் குவியலில் போடச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கிளிப்பு அதைத் தேடி எடுத்தார். வெளி உறை ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது, அவ்வளவுதான். கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்தார். உள்ளே மூன்று ஒயர். சிவப்பும் கறுப்பும் சூடு பட்டு லேசாக மங்கியிருந்தன. பச்சை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கரியாகி, நடுவில் அறுந்து, தொட்டால் உதிர்ந்தது. கிரைண்டரின் கழுத்தருகே சிவப்பு ஒயரின் தோல் உரசித் தேய்ந்து, மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டிருந்தது. அது எந்த மெஷினுக்கும் வருகிற தேய்மானம். பச்சை ஒயர் உயிரோடு இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், விரல் போயிருக்காது.

போர்டுக்குப் போய்ப் பார்த்தார். ஃபியூஸ் முழுசாக இருந்தது. கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் ஒன்று முன்பு இருந்தது. அடிக்கடி விழுந்து வேலையைக் கெடுக்கிறது என்று அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஃபியூஸ் போகாமல் ஒயர் வேகிறதென்றால், வேக வைத்த கரன்ட் போர்டிலிருந்து வந்ததல்ல. அது வெல்டிங் கரன்ட். முந்தின வாரம் நெட்டையன் ஒரு சட்டத்தைப் பற்ற வைத்தபோது அதன் மேல் அந்தக் கிரைண்டர் மணிக்கணக்கில் கிடந்ததை அவரே பார்த்திருந்தார். மேசையைத் தூணோடு சேர்க்கும் பட்டையைக் குனிந்து பார்த்தார். துருவேறிப் பிடி விட்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கேபிளை வெட்டி எடுத்து, சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே கொண்டுவந்தார். போட்டோ எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஷெட்டுக்குள் போன் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியே வந்த பிறகு, சாமானே கையில் இருக்கும்போது படம் எதற்கு என்று விட்டுவிட்டார். அவர் செய்த முதல் தப்பு அது. இரண்டாவது தப்பு, அந்த ஒயரை அவர் கொண்டுபோய்க் கொடுத்த இடம்.

வெள்ளிக்கிழமை அரசாங்கத்திலிருந்து விசாரணை அதிகாரி வருவதாக இருந்தது. கிளிப்பு மருத்துவமனைக்குப் போய், சகலையின் இடது கையில் ஒயரை வைத்து எல்லாவற்றையும் விளக்கினார்.

“இதுவாண்ணே என் விரலை வாங்குச்சு?” அவன் கரியை முகர்ந்து பார்த்தான்.

“ஒயர் வாங்கலைடா. தூண்ல முடுக்கின போல்ட் வாங்குச்சு. வெள்ளிக்கிழமை நீயே இதை அந்த அதிகாரி கையில கொடு. நான் கொடுத்தா, முதலாளிக்கு ஆகாதவன்னு சொல்லுவாங்க. அடிபட்டவன் கையால கொடுத்தா அதுக்கு எடை ஜாஸ்தி.”

“கொடுக்கறேண்ணே. நீங்க இல்லைன்னா நான் இன்னைக்கு இல்லையே.”

வீட்டில் மனைவி கேட்டாள். “அதை ஏன் அவர்கிட்ட கொடுத்தீங்க? உங்ககிட்டயே இருக்கட்டும்னு தோணலையா?”

“உன் தங்கச்சி புருஷன்தானே. அசலா?”

“அதுக்குத்தான் சொல்றேன். அசல்னா நீங்க ரசீது கேட்டிருப்பீங்க.”

அவர் சிரித்தார். எதையும் ஏன் என்று கேட்காமல் நம்பாத மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில் கேட்காமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை. முதலாளியின் அறையில் நாற்காலிகள் போட்டு, கிளிப்பையும் நெட்டையனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி ஐம்பது வயதுள்ள பெண்மணி. கையில் தடித்த கோப்பு, முகத்தில் மூன்று இடம் அலைந்த களைப்பு. கெட்டவர் இல்லை. காகிதத்தில் உள்ளதைப் படிக்கப் பழகியவர், அவ்வளவுதான். தரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “இவ்வளவு சுத்தமா எங்கயும் பார்த்ததில்லை,” என்றார். முதலாளி கேடயத்தைப் பார்க்காமல் பார்த்தார்.

“எர்த்தையெல்லாம் நிரந்தரமா முடுக்கிட்டோம் மேடம். ஒருத்தரைத் தவிர. அவர் மட்டும் கேட்க மாட்டேங்கறார். சொந்தக் கேபிளைக் கொண்டுவந்து தரையெல்லாம் இழுத்துட்டுத் திரிவார். அது உரசி, தோல் போயி, கிரைண்டர் மேல பட்டிருக்கு.”

கிளிப்புக்கு முதலில் புரியவில்லை. யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பக்கத்தில் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி சுற்றறிக்கையைத் திருப்பிக் காட்டினார். “தரையில கேபிள் போடக் கூடாதுன்னு இருக்கு. இது உங்க கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான் மேடம். ஆனா தப்பு அந்தத் தாள்லதான் இருக்கு.” அவர் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, முதலாளியின் மேசையிலேயே படம் போட்டார். மெஷின், ராடு, மேசை, துருப்பிடித்த பட்டை, தூண், போல்ட். கரன்ட் எந்த வழியாகத் திரும்ப வேண்டும், எந்த வழியாகத் திரும்பியது என்று அம்புக்குறி போட்டார். குரலை உயர்த்தவில்லை. முதலாளி இரண்டு தடவை குறுக்கே பேச வாயெடுத்தார். அந்த அம்மா கையமர்த்தினார்.

“நீங்க சொல்றது காரணமாத்தான் இருக்கு,” என்றார். “ஆதாரம் வேணுமே. அந்தக் கிரைண்டரோட ஒயர் எங்க?”

“இருக்கு மேடம். என் சகலைகிட்ட கொடுத்து வச்சிருக்கேன். இந்தா, அவனே இருக்கான்.”

விசாரணைக்காக மருத்துவமனையிலிருந்து கூட்டி வரப்பட்ட சகலை, கையில் கட்டோடு கதவோரத்தில் உட்கார்ந்திருந்தான். 

“எந்த ஒயர்ண்ணே?” என்றான்.

கிளிப்பு அவன் தமாஷ் செய்கிறான் என்றுதான் நினைத்தார். “டேய், பச்சை ஒயர். புதன்கிழமை உன் கையில வச்சேனே.”

“எனக்கு மருந்து மயக்கம் மேடம். யாரு வந்தா, போனான்னே நினைப்பில்லை.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அன்னைக்குக் காலையில அண்ணனோட கேபிள் என் மெஷின் பக்கமாக் கிடந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு.”

அதிகாரி நெட்டையனைக் கேட்டார். நெட்டையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “அவர் கேபிள் எப்பவுமே தரையிலதான் மேடம் கிடக்கும்.” அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இதைவிட நேர்த்தியாக ஒரு மனிதனைக் கவிழ்க்க முடியாது. அவருடைய கேபிளை வாங்கி அந்த அம்மா தடவிப் பார்த்தார். ஒன்றரை வருஷம் தரையில் இழுபட்ட கேபிள். தோல் தேய்ந்த இடம் இரண்டு இருந்தது. அந்த இரண்டு இடத்துக்கும் கிளிப்பு நேர்த்தியாக டேப் சுற்றியிருந்தார். டேப் சுற்றியதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

‘தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதப்பட்டது. முதலாளி மேசையிலிருந்த சாக்பீஸ் படத்தைத் துடைக்க ஆள் விட்டார்.

வாசலில் சகலையை மடக்கினார் கிளிப்பு.

“ஒயரை என்னடா பண்ணினே?”

“கொடுத்துட்டேன்.”

“யார்கிட்ட?”

“தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்க.” அவன் கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டினான். “இதைப் பாருங்கண்ணே. இந்தக் கையோட எவன் எனக்கு வேலை கொடுப்பான்? ஸ்டோர்ல உட்கார வைக்கறேன்னு சொன்னார். சாவி கொடுக்கறேன்னு சொன்னார். உங்களுக்கு என்ன, எங்க போனாலும் கூப்பிட்டு வேலை தருவாங்க. உங்க கையில தொழில் இருக்கு. என் கையில விரல்கூட இல்லை.”

“எனக்குச் சாதகமா நீ பேச வேணாம்டா. உனக்கு என்ன நடந்துச்சுன்னாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா விரல் முளைக்குமா?”

கிளிப்பிடம் அதற்குப் பதில் இருந்தது. உனக்கு முளைக்காது, அடுத்தவனுக்குப் போகாது என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கணத்தில் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். அவன் நெஞ்சை அமுக்கியபோது விலா எலும்பு நெரிந்த உணர்வு இன்னும் அவற்றில் இருந்தது. சொல்லிக் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கேபிளைத் தோளில் போட்டு நடந்தார். வாசல் காவலாளி, “கேபிளை ஷெட்ல விட்டுட்டுப் போகச் சொன்னாங்க,” என்று தடுத்தார். அது தன் சொந்தக் கேபிள் என்று நிரூபிக்க அவரிடம் ரசீதும் இல்லை.

வேலை அன்றோடு போயிற்று. அவரை அரித்தது வேலை போனது மட்டுமில்லை. தெருவில் எதிர்ப்பட்ட ஒரு பெண் தன் மகனிடம், “இவர்தான் சகலை கையையே கருக்கினவர்,” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பதினெட்டு வருஷம் ஒரு ராடைக்கூட ஈரக் கையால் தொடாத மனிதருக்குக் கிடைத்த பெயர் அது. மகள் ஒரு நாள் கேட்டாள்: “ஏம்ப்பா, நீங்களும் எல்லாரையும் போலத் தூண்லயே மாட்டியிருந்தா உங்களை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்கல்ல?” அவர் “சொல்லியிருக்க மாட்டாங்க,” என்று ஒத்துக்கொண்டார். தப்பையே எல்லோரும் சேர்ந்து செய்தால் அது ஒழுங்கு என்றும், ஒருவன் மட்டும் சரியாகச் செய்தால் அது கவனக்குறைவு என்றும் எழுதுகிற பேனாவுக்கு அறிவு எங்கே இருக்கிறது?

இரண்டு மாதம் கழித்துக் கொழுந்தியா வந்தாள். அக்கா அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். தங்கை கிளிப்பின் எதிரில் நின்று முந்தானையைத் திருகினாள்.

“மாமா, அவரு ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை. உங்களைப் பார்க்க வரணும்னு சொல்றாரு. வெட்கமா இருக்குன்னு சொல்றாரு.”

“வெட்கப்படட்டும்,” என்றாள் அக்கா, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்கு விரல் தேவையில்லை.”

கிளிப்பு கேட்டார்: “ஸ்டோர்ல அவனுக்கு என்ன வேலை?”

“காலையில சாமான் எடுத்துக் கொடுக்கணும். டிரில், கிரைண்டர், எல்லாம் இவரு கையாலதான் போகுது.”

“கிரைண்டரும் அவன்தான் கொடுக்கறானா?”

“ஆமா மாமா.”

அவர் எழுந்து நின்றார். “என்னைப் பார்க்க அவன் வர வேணாம். மன்னிப்பும் வேணாம். ஒண்ணே ஒண்ணு செய்யச் சொல்லு. ஒவ்வொரு கிரைண்டரையும் கொடுக்கறதுக்கு முன்னாடி, பச்சை ஒயர் ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் உயிரோட இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லு. அரை நிமிஷ வேலை. ரெண்டு விரல் இல்லாமலே செய்யலாம். தூண்ல போல்ட் இருக்கற வரைக்கும் தினமும் பார்க்கணும்.”

மறுவாரம் பதில் வந்தது. கொழுந்தியா உள்ளே வரவில்லை. படியில் நின்றே சொன்னாள். மீட்டர் கேட்டால் எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்பாராம். எதற்கு என்று சொன்னால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகிவிடுமாம். ஆகவே தன் வீட்டுக்காரரால் முடியாதாம்.

கிளிப்பு தன் கைவிரல்களைக் கோத்து, பிரித்து, மறுபடி கோத்தார். ஒயரை விற்றதைக்கூட அவர் ஒருவாறு விளங்கிக்கொண்டிருந்தார். பயந்தவன், ஊனப்பட்டவன், பிள்ளைகுட்டிக்காரன். ஆனால் கரன்ட் எப்படிக் கொல்லும் என்று தன் சதையாலேயே அறிந்த ஒருவன், அது தெரிந்தும், தினமும் காலையில் ஒரு கிரைண்டரை எடுத்து இன்னொருவன் கையில் கொடுக்கிறான். அதை அவரால் எந்தக் காரணம் சொல்லியும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அன்றைக்குத்தான் அவர் சகலையை முழுவதுமாக இழந்தார்.

அன்று மாலையே அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சாக்பீஸில் போட்ட படத்தை மறுபடி பேனாவில் போட்டு இணைத்தார். மறுவிசாரணை வேண்டும், எல்லாக் கிரைண்டர்களின் பச்சை ஒயரையும் சோதிக்க வேண்டும் என்று கேட்டார். சாட்சிக் கையெழுத்துக்காக நெட்டையனிடம் போனார். அவன் கடிதத்தைக் கடைசி வரை படித்தான். “எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு,” என்றான். பேனாவை மட்டும் வாங்கவில்லை. ஷெட்டில் வேலை பார்க்கும் இன்னும் நான்கு பேரின் வீட்டுக்குப் போனார். ஒருவர் கண்ணாடி இல்லை என்றார். ஒருவர் வீட்டில் இல்லை என்று அவர் மனைவியே சொன்னாள். உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார். கடிதம் ஒரே கையெழுத்தோடு போயிற்று. வேலைநீக்கம் செய்யப்பட்டவரின் புகார் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

போல்ட்டுகள் இன்றும் அந்தத் தூண்களில் இருக்கின்றன. தரை பளபளக்கிறது. எந்தக் கிரைண்டரின் பச்சை ஒயர் இந்நேரம் வெந்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கிளிப்புக்காக நீங்கள் இரக்கப்பட வேண்டாம். அவர் வீடுவீடாகப் போய்க் கம்பிக் கதவு பற்ற வைத்துப் பிழைத்துக்கொள்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. உங்கள் பட்டறையில், உங்கள் தெருவில், உங்கள் வீட்டு மாடியில் வெல்டிங் நடந்தால், கண்ணைக் கூசவைக்கும் பொறியைப் பார்க்காதீர்கள். எர்த் கிளிப் எங்கே கவ்வியிருக்கிறது என்று பாருங்கள். அது தூணிலோ, தண்டவாளத்திலோ, தண்ணீர்க் குழாயிலோ இருந்தால் வேலையை நிறுத்தி, வேலைத் துண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மின்கருவிகளை அந்த இரும்பிலிருந்து அப்புறப்படுத்தி, அவற்றின் பச்சை ஒயரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் படம் எடுத்து, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். இவை எதற்கும் உங்களிடம் நேரம் இல்லாவிட்டால், இதை மட்டுமாவது செய்யுங்கள்: ஒருவர் இப்படி ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்து நின்றால், படித்துப் பாருங்கள், அதில் உள்ளது உண்மை என்று உங்களுக்குத் தெரிந்தால், பேனாவை வாங்கி இரண்டாவது கையெழுத்தைப் போடுங்கள்.